தெளிந்த சீரம்

நான் ரத்தம் பார்ப்பவள்.
செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில்
எங்கள் லேப்.
ஆறரைக்கு ஷட்டர் திறக்கும் முன்பே
வெறும் வயிற்றோடு ஒரு வரிசை நிற்கும்.

சனிக்கிழமை அந்த வரிசையில்
என் வீட்டுக்காரர்.
'அடுத்து யாரு' என்றேன்.
'வேலப்பன், நாற்பத்தாறு' என்றார்,
முன்பின் பார்க்காத ஆளைப்போல.
சிரித்தபோது மூச்சில் அந்த வாசனை,
நகப்பூச்சு அழிக்கிற திரவமும்
கனிந்துபோன பலாவும் சேர்ந்தது.
ஏழு மாதமாக அதன் பக்கத்தில்தான் தூங்குகிறேன்.

ஏழு மாதமாக அவர் தட்டில்
முட்டை, பனீர், வெண்ணெய்,
காலிஃபிளவரைத் துருவி
சோறு என்று பேர் வைத்த ஒன்று.
குர்லாவில் ரயில் ஏறும்போது
யாரோ வடாபாவ் நீட்ட,
பாவை எடுத்தார், உருளைக்கிழங்கை எடுத்தார்,
மிச்சமிருந்த பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு
வேலைக்குப் போனார்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுக்கும்.
எழுந்துபோய் இருட்டில் உப்புத் தண்ணீர் குடிப்பார்.
பதினோரு கிலோ.
பழைய பேண்ட்டெல்லாம் கொடிக்கயிற்றில்
வேறு யாருடையதோ.

டாக்டர் வாடியாவுக்கு சந்தோஷம்.
எட்டு புள்ளி ஒன்பதாக இருந்த மூன்று மாதச் சர்க்கரை
ஆறு புள்ளி ஒன்று.
இரண்டு மாத்திரையை நிறுத்தியாயிற்று.
பூரிப்பில் மேஜை மேலிருந்த பேடாவை நீட்டிவிட்டு
பாதியில் கையை இழுத்துக்கொண்டாராம்.

டாக்டர் கானோல்கர் அதே ரிப்போர்ட்டில்
அடுத்த பக்கம் புரட்டினார்.
'கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பதிமூன்று.
உங்க அப்பா எத்தனை வயசில் போனார்?'
'ஐம்பத்திரண்டு.'
பேனாவை மூடி வைத்தார்.

எடை இறங்கியது, அழுத்தம் இறங்கியது,
ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படாதே என்கிறார் ஒருவர்.
அந்த எண் இன்றைக்கு ஒன்றும் செய்யாது,
அதுதான் அதன் குணம் என்கிறார் மற்றவர்.
ஆய்வு கேட்டேன், இருவருமே கொடுத்தார்கள்.
ஆறு மாதம், ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு.
அதற்குள் பாதிப் பேர்
சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.
பத்தாவது வருஷத்தில் என்ன என்ற தாளை
எனக்குக் காட்ட யாரிடமும் இல்லை.
என் வீட்டில் ஒருவர் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்,
வெண்ணெய் ஒட்டின கையால்.

ஊரிலிருந்து அவர் அத்தை போனில்:
'வாய்க்கரிசியாவது வாங்கிக்குவானா, கேளு!'
கிண்டல்தான்.
அன்றைக்கு முழுக்க
நான் அரிசி டப்பாவைத் திறக்கவில்லை.

சுழற்றி எடுத்தேன், பத்து நிமிஷம்.
சிவப்பு அடியில் தங்க, மேலே சீரம்.
பால்போலக் கலங்கியிருந்தால்
வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.
கலங்கவில்லை.
மாதுங்கா கடையில் வாங்கும் செக்கெண்ணெயைப்போல
அத்தனை தெளிவு.
குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன்,
பின்னால் என் விரல் தெரிந்தது.
மிஷின் சொன்னது: இருநூற்றுப் பத்தொன்பது.

போன் செய்து சொன்னேன்.
'நீ எந்தப் பக்கம்?' என்றார்.
பதினெட்டு வருஷமாக எண்ணை அச்சடிக்கிறேன்,
கூடுதலென்றால் தடித்த எழுத்தில்,
அதற்குமேல் என் கையெழுத்துக்கு அதிகாரமில்லை என்றேன்.
'டெக்னீஷியன்கிட்ட கேக்கல' என்றார்.

சனிக்கிழமை எனக்கு இரண்டு ஷிஃப்ட்.
எனக்காக அரிசி களைந்து வைப்பவர் அவர்தான்,
ஒரு ஆளுக்கு அரை டம்ளர்.
சீக்கிரம் வந்துவிட்டேன் அன்று.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

மூன்று தண்ணீர் போதும்.
ஐந்தாவதும் களைந்துகொண்டிருந்தார்.
வெள்ளை எப்போதோ போய்விட்டது,
கை மட்டும் அரிசிக்குள்ளேயே இருந்தது,
குளத்தில் கால் விட்டு உட்கார்ந்தவர்போல.
பிறகு ஆள்காட்டி விரலை நட்டு
முதல் ரேகை வரைக்கும் தண்ணீர் விட்டார்.
இம்மி பிசகவில்லை.

ரிப்போர்ட் என் பையில் இருந்தது,
இன்னும் ஸ்டேப்ளர் அடிக்காமல்.