பூச்சிய நிமிடம்

கவுன்சிலில் இருந்து வந்த கெரத்
சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான்.
தமிழாக்கள் வீடு என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.
காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது.

படிவத்தில் முதல் கேள்வி:
தீப்பிடித்தால் நீங்கள் தனியாகப் படியிறங்குவீர்களா?
இல்லை.
இரண்டாவது: அதற்கு எத்தனை நிமிடம் எடுக்கும்?
தம்பி, முதல் கேள்விக்கு இல்லை என்றல்லவா சொன்னேன்.
அவனுக்குக் காது சிவந்தது.
பெட்டியை வெறுமையாக விட முடியாதாம்.
பூச்சியம் என்று எழுதினான்.
பதினோராம் மாடியில் இருந்து
பூச்சிய நிமிடத்தில் இறங்குகிறவள்
இந்த வுல்விச் முழுக்க நான் ஒருத்திதான்.

பிறகு எடை கேட்டான்.
தூக்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.
அடுக்களையில் குலேந்திரன் குழாயை மூடினார்.
இருபத்திரண்டு வருடம் அந்த மனிசனுக்கு ஒளித்த எண்ணை
ஓட்டைக் காலுறைப் பொடியனிடம் சொன்னேன்.
எண்பத்தொன்று.
குழாய் திரும்பத் திறந்தது.

கதவுக் கொளுவியில் ஒரு பை தொங்குகிறது இப்போது.
ஒரு கிழமைக்கான மாத்திரை, ஆறு சிறுநீர்க் குழாய்,
டொக்டரின் கடிதம், ஒரு விசில்.
அடியில் நான் வைக்காத முறுக்குப் பைக்கற்.
கேட்டால், கீழே எவ்வளவு நேரம் நிற்க வேண்டி வருமோ என்கிறார்.

சனிக்கிழமை ஒத்திகை.
படியில் இறக்கும் மஞ்சள் கதிரை
மூன்று வருடமாகச் சுவரில் மாட்டியிருந்தது.
உறையைக் கழற்ற ஒரு சிலந்தி வீடிழந்தது.
எதிர்வீட்டு ஃபோலா, பத்தாம் மாடி ஸ்பிக்னியெவ்,
அவர்களுக்குப் பின்னால் காதில் பாட்டோடு தௌஃபீக்.
குலேந்திரனின் முதுகில் இரண்டு இரும்பு ஆணி,
அவர் பையைத் தூக்கினார்.

எப்படித் தூக்குவது என்று
தூக்கப்படுகிறவள்தான் படிப்பிக்க வேண்டும்.
கக்கத்தில் கை கொடுத்து இழுக்காதே, தோள்மூட்டு கழரும்.
என் கால்கள் துள்ளும்.
பயத்தில் இல்லை, அவற்றின் குணம் அது.
நான் கத்தினால் நிறுத்தாதே.
நான் கதைக்காமல் போனால் நிறுத்து.
தௌஃபீக் பாட்டை நிறுத்தினான்.

ஒன்பது வருடம் இந்தக் கட்டடத்தில்.
படிகளை அன்றுதான் கண்டேன்.
அவை இவ்வளவு ஒடுக்கம் என்று யாரும் சொன்னதில்லை.
கேட்டதுமில்லை.
ஒன்பதாம் மாடிச் சுவரில் பென்சில் கோடுகள்,
ஒரு பிள்ளை நெஞ்சுயரம் வரை வளர்ந்து நின்றுவிட்டது.
வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.
ஏழில், பெயிண்ட் வாளிக்குள் யாரோ வளர்க்கும் புதினா.
கதிரைச் சில்லு உரச, வாசம் ஆறாம் மாடி வரை கூட வந்தது.

நான்காம் மாடித் திருப்பத்தில் ஒரு சின்னச் சைக்கிள்.
கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.
கதிரை திரும்பவில்லை.
கதவைத் தட்டினோம். ஆளில்லை.
கெரத் படிவத்தைப் புரட்டினான்,
சைக்கிளுக்கு அதில் பெட்டி இல்லை.
ஸ்பிக்னியெவ் போலிஷில் ஏதோ சொன்னான்,
மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.
பிறகு என்னைக் கதிரையோடு நெஞ்சுக்கு உயர்த்தி
மூன்று பேரும் பக்கவாட்டில் நகர்ந்தார்கள்,
தேர் முடுக்கில் திரும்புகிறமாதிரி,
ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம்.

கீழே வந்தபோது பதினெட்டு நிமிடம்.
கெரத் பூச்சியத்தை வெட்டி எழுதினான்.
இரவில் என்றால், என்று கேட்டான்.
ஃபோலா ஆசுப்பத்திரியில் இரவு வேலை.
ஸ்பிக்னியெவ் பேக்கரிக்கு மூன்று மணிக்கே போய்விடுவான்.
தௌஃபீக் செப்டெம்பரில் லீட்ஸ்.
ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.
குலேந்திரன் முறுக்குப் பைக்கற்றை உடைத்து நீட்டினார்.
எல்லோரும் எடுத்தார்கள். நொறுங்கும் சத்தம் மட்டும்.

திரும்ப லிஃப்டில் ஏறினோம்.
தீயின்போது பாவிக்கக் கூடாது என்ற பலகை
எப்போதும் போல என் கண்ணுக்கு நேரே.
எண்கள் ஒவ்வொன்றாய் எரிந்தன.
நான்கு, சைக்கிள்.
ஏழு, புதினா.
எட்டில் என்ன இருந்தது?
அந்த மாடியில் மட்டும் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.
அடுத்த சனிக்கிழமை பார்க்க வேண்டும்.