கால்வலி

கடன் வசூலிக்க வந்தவன்
கதவை உடைக்கவில்லை; திறந்துதான் கிடந்தது.
பர்பாங்க்கில் ஜூலை. மின்விசிறி பழுது.
கார்மைன் டெஸ்டா தொப்பியைக் கழற்றி
என் காப்பிக் கோப்பைமேல் கவிழ்த்தான்.
டைப்ரைட்டரில் செருகியிருந்த தாளை
உதடசைத்துப் படித்தான், வரி வரியாக.

“எவன் இப்படிப் பேசுவான்?
ஆளை முடிக்கப் போகிறவனுக்கு
நிலா எதற்கு?
நாங்கள் கால்வலியைப் பற்றித்தான் பேசுவோம்.”

அடித்துத் திருத்தினேன்.
நூற்றுப்பத்து டாலர்
எண்பதாயிற்று.

வியாழனுக்குள் கதையில் அவனும் வந்துவிட்டான்,
நல்ல சட்டை, கூடவே ஒரு நாய்.
கடைசி ரீலில் செத்துத்தான் ஆகவேண்டும்,
ஸ்டுடியோ உத்தரவு, என்றேன்.
வெகுநேரம் ஜன்னலையே பார்த்தான்.
“நாய்?”
“பிழைக்கும்.”

பசடீனாவில் முன்னோட்டக் காட்சி.
குண்டு பாய்ந்து கல்யாண கேக்கின்மேல்
அவன் முகங்குப்புற விழ,
அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.
மூன்றாம் வரிசையில் ஒருவன் மட்டும்
தொப்பிக்குள் முகம் புதைத்து
விசும்பிக்கொண்டிருந்தான்.
அதற்கப்புறம் அவன் வரவேயில்லை.

மீதி எண்பது
மறந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

நேற்று மாலை புது ஆள் ஒருவன்
வாசலில் நின்றான்.
கால் வலிக்கிறது,
கொஞ்சம் உட்காரலாமா என்றான்.