பதினாறுக்குப் பிறகு பதினெட்டு

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் ஐந்து நிமிடம்.
'அருளப்பா அண்டு நெஃப்யூ' என்று பலகை.
நெஃப்யூ யார் என்றேன்.
அப்படி ஒருத்தர் கிடையாது என்றாள் எப்சிபா.
பெயர் நீளமாக இருந்தால்
பேங்கில் கடன் கிடைக்கும் என்று போட்டதாம்.

எனக்கு வேலை, விலைப்பட்டியலுக்குத் தமிழ்.
இதற்கு முன்பு குக்கருக்கு எழுதினேன்,
மாடுலர் கிச்சனுக்கு,
ஒருமுறை சவப்பெட்டி ஃப்ரீசருக்கு.

வரலாறு ஒரு பத்தி போதும் என்றாள்.
வரலாறு இது:
வேப்பேரியில் ஒரு பள்ளி மைதானம்,
ஓட்டப் பந்தயம் தொடங்கிவைக்க
சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி ஒன்று.
அதுதான் இவர்கள் செய்த முதல் உருப்படி.
சுட்டதும் பையன்கள்
கோட்டுக்குப் பின்பக்கம் ஓடினார்களாம்.
"அதைப் போடாதீங்க."

உள்ளே கூலன்ட் எண்ணெய் வாசனை.
கம்ப்யூட்டர் சொன்னபடி
எஃகுக் கட்டியைக் கடைகிறது ஒரு மெஷின்.
மூன்று மாடல், மூன்றுக்கும் ஆற்றின் பெயர்.
அடையாறு, இருபத்திரண்டு போர், போட்டிகளுக்கு.
கொசஸ்தலை, நீண்ட குழல்.
ஆரணி, சின்னக் கைகளுக்கு.
கூவம் இல்லையா?
"விக்காது."

பிடிக்கு வால்நட், தோதகத்தி.
இப்போது எல்லோரும் கேட்பது கருங்காலி.
கழுத்தில் மாலை, மணிக்கட்டில் காப்பு,
உள்ளங்கையிலும் இருக்கட்டுமே என்கிறார்கள்.
இதே எஸ்டேட்டில் ஸ்ட்ரைக் நடந்தபோது
அந்த வார்த்தைக்கு மண்டை உடைந்திருக்கிறது.
நான் எழுதினேன்:
'காலத்தை வென்ற கருமை.'
கூசியது. அவளுக்குப் பிடித்துவிட்டது.

விசையின் இழுப்பு ஒரு கிலோ என்று குறிப்பில் இருந்தது.
ஒரு கிலோ என்றால் எவ்வளவு?
வில்லிவாக்கம் மார்க்கெட்டில்
ஒரு கிலோ தக்காளி வாங்கி
ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு
வீடுவரை நடந்தேன்.
அவ்வளவுதான்.
அவ்வளவேதான்.
அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.

ஈசிஆரிலிருந்து ஒரு பிளாட் புரமோட்டர் வந்தார்,
கொசஸ்தலையில் தங்கத்தில் பதித்த
மனைவி பெயரை எடுக்கச் சொல்லி.
தங்கத்தை எடுக்கலாம், பள்ளம் இருக்கும்,
என்ன வைத்து நிரப்ப என்றாள் எப்சிபா.
யோசித்தார். டீ ஆறிப்போனது.
"இருக்கட்டும்" என்று எடுத்துப் போனார்.
பெயரையா பள்ளத்தையா, தெரியவில்லை.

பதிவேட்டில் அறுபத்தோரு துப்பாக்கிகள்.
எண், லைசென்ஸ், வாங்கியவர் கையெழுத்து.
பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.
அச்சுப்பிழையா என்றேன்.
அவள் மெஷினை நிறுத்தவில்லை.
அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொன்னாள்,
அது கோர்ட்டில் இருக்கிறது,
துணிப் பையில், அரக்கு வைத்து,
சான்றுப் பொருள் மூன்று.
ஒன்றும் இரண்டும் என்ன என்று
நான் கேட்கவில்லை.
"எண்ணை மறுபடி யாருக்கும் தர்றதில்ல.
நீங்க எடையை எழுதுங்க."

எடையை எழுதினேன்.
குழலின் நீளத்தை எழுதினேன்.
உத்தரவாதம் மூன்று வருடம்,
உற்பத்திக் குறைகளுக்கு மட்டும்.

படம் எடுக்கும் நாளில் மாடல் பெண் வரவில்லை.
என் கை போதும் என்றார்கள்.
ஈரக் களிமண் உருண்டையை
ஆரணியைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்தேன்.
விரல்கள் தாமாகவே இடம் தேடிக்கொண்டன.
அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த அச்சுகளுக்கு ஒரு அலமாரி இருக்கிறது,
வாங்கியவர்களின் பிடி எல்லாம் வரிசையாக.
பல் டாக்டர் ஒருவர். ஒலிம்பிக் கனவோடு
ஆவடியிலிருந்து வரும் ஒரு பள்ளிக்கூடப் பெண்.
பதினேழும் அங்கேதான்.
தேடிப் பார்த்தேன், வித்தியாசம் ஒன்றுமில்லை,
சுண்டுவிரல் பள்ளம் மட்டும் சற்று ஆழம்குறைவு.
டீ கிளாஸைப் பிடித்தாலும்
அப்படித்தான் விழுந்திருக்கும்.

என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்,
இடம் அங்கேதான் இருந்தது.
காய மூன்று நாள் ஆகும்,
பில்லை அப்போது கொண்டுவாருங்கள் என்றாள்.