வெள்ளம் குடிக்கும் வரை

மூணு கோட் எனாமல்.
மேலே ரோஸ், அதற்கடியில் கடல்பச்சை,
அதற்கும் அடியில்
பெயர் சொல்லத் தெரியாத ஒரு ஆஸ்பத்திரி நிறம்.
தக்கலை, மேட்டுக்கடைப் பக்கம்
ஆறடிக்கு நாலடிக் குளியலறை.

"நல்ல பெயிண்டாக்கும் நேசையா,
இதுக்க மேலயே ஒட்டிப் போடும்.
சுரண்டவும் கூலி, ஒட்டவும் கூலியா?"
சுகிர்தா டீச்சர் வாசலில் நிற்கிறார்.

விரல்முட்டியால் சுவரைத் தட்டினேன்.
நல்ல இடம் பேசாது.
விட்டுப்போன இடம் டொப்பென்று பதில் சொல்லும்.
கதவுக்குப் பின்னால் மட்டும் மூன்று பதில்.

கருங்கல்லில் ஒரு வீடு.
யாரிடமும் சொல்வதில்லை, டீச்சரிடம் சொன்னேன்.
கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது,
பெயிண்டின் மேலேயே ஒட்டினேன்.
பசையில் குறையில்லை, தூக்குநூலில் குறையில்லை.
ஆவணியில் ஒட்டியது
ஐப்பசி மழையில், ராத்திரி ஒன்றரைக்கு இறங்கியது.
பத்து டைல்ஸ், ஒன்றையொன்று விடாமல்,
முதுகில் அந்த வீட்டு மஞ்சளைத்
தோலோடு உரித்துக்கொண்டு.
புதுமாப்பிள்ளை கள்ளன் கள்ளன் என்று கத்தினாராம்.
காலையில் நான் போய் நின்றபோது
யாரும் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.

பசை பிடித்துத்தான் இருந்தது, பெயிண்டை.
பெயிண்ட் எதைப் பிடித்திருந்தது என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

டீச்சர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எத்தனை கொத்து?"
ரெண்டு விரல் இடை விட்டு, கால் இஞ்சு ஆழம்.
உதடு அசைகிறது. கணக்கு டீச்சர்.
"சதுர அடிக்கு அறுபத்திநாலு."

ஹீட்டரைக் கழற்றி வராந்தாவில் வைத்தேன்.
வெள்ளம் போகும் ஓட்டையில் சாக்கு திணித்தேன்,
செதில் இறங்கிவிட்டால் அது வேறொரு நாள் கூலி.
பிறகு சத்தம்தான்.
ரோஸ் தலையில் விழுகிறது, பச்சை புருவத்தில்.
பதினொரு மணிக்கு, முகத்தில் தோர்த்தைக் கட்டிக்கொண்டு
டீச்சர் இன்னொரு உளியை எடுத்தார்.
கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல்
வரிசை பிசகாமல் கொத்துகிறார்.
இவ்வளவு அழகு வேண்டாம் டீச்சர்,
நாளைக்கு இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்றேன்.
"நான் பாத்தாச்சு" என்றார்.

கம்பி பிரஷ். விளக்குமாறு. நாலு வாளி கழுவல்.
கடைசியாக ஒரு கப்பு வெள்ளம் கோரிச் சுவரில் வீசினேன்.
கறுத்தது. குடித்தது.
மேலிருந்து கீழே, பிடிவாதமில்லாமல், குடித்தது.
சோப்புப் பெட்டி இருந்த மூலையில் மட்டும்
துளித்துளியாய் நின்றது.

"அங்க குடிக்கல்ல."
குடிக்காது. அங்கே இன்னும் ரோஸ் இருக்கிறது,
உள்ளங்கை அகலம்.

உளியைச் சாக்கில் சுற்றியாகிவிட்டது.
ஐந்தே முக்கால் குலசேகரம் வண்டி
வளைவில் ஹாரன் அடிக்கிறது.
ஒரு டைல்ஸுக்குள் அடங்குகிற இடம்,
விட்டால் யாருக்குத் தெரியும்.

சாக்கை அவிழ்க்கிறேன்.
டீச்சர் போனில் டார்ச் அடிக்கிறார்,
அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே.