தீனியை நிறுத்திய பிறகு

ஞாயிறு என்று இவற்றுக்குத் தெரியாது.
முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
ஆராதனை முடிந்த சனம் வெயிலுக்குள் வந்துகொண்டிருக்கும்.
நான் எதிர்த்திசையில்,
மூன்றாம் மாடிக்கு, தீனி வைக்க.

மே மாதம். வெளியே முப்பத்தொன்பது.
இன்குபேட்டர் கதவுக்குப் பின்னால் முப்பத்தேழு.
மற்ற ஊர்களில் கரண்ட் போனால்
செல் குளிர்ந்துவிடுமே என்று பதறுவார்களாம்.
பாளையங்கோட்டையில் நாங்கள்
ஜெனரேட்டர் சுடலைமுத்துவுக்குப் போன் போட்டு
"அண்ணே, சூடாயிரும், சீக்கிரம்" என்போம்.

முதல் பத்து நாள் வெறும் பெருக்கம்.
பெருகு, பெருகு என்று சொல்லும் இரண்டு புரதம்
இளஞ்சிவப்புத் தண்ணீரில் கலந்திருக்கும்.
அது கிடைக்கிற வரை எதுவும் எதுவாகவும் ஆவதில்லை.
இரண்டு நாலு. நாலு எட்டு.
நியூரான் ஆகலாம், நியூரானுக்குத் துணை நிற்பதாகவும் ஆகலாம்,
அவசரம் ஒன்றுமில்லை.

ஒரு புதன்கிழமை அந்த இரண்டையும் நிறுத்தினேன்.
அவ்வளவுதான்.

எங்களுக்கும் நாலு மாதமாய் உதவித்தொகை வரவில்லை.
நானும் ஜெபக்கனியும் எதுவாகவும் மாறிவிடவில்லை,
கேன்டீனில் கடன்காரிகள் ஆனதைத் தவிர.

மூன்றாம் நாள், உருண்டையிலிருந்து ஓர் இழை.
பனங்கொட்டை முளைவிட்ட மாதிரி இருக்கு, என்றாள்.
அவளுக்குத் திசையன்விளை. எல்லாமே பனை.
பனைக்கு மண்ணுக்குள் இறங்கத் தெரியும்.
இதற்குக் கீழும் இல்லை மேலும் இல்லை.
இழையின் நுனியில் விரித்த உள்ளங்கை ஒன்று
பிளாஸ்டிக்கைத் தடவுகிறது, மடங்குகிறது,
வேறு பக்கம் தடவுகிறது,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி.

இனி இது இரண்டாகப் பிரியாது.
அந்த வழியை விட்டுக்கொடுத்து
நீளத்தை வாங்கிக்கொண்டது.

நான்காம் குழி மொத்தமும் தோல்போல் கழன்று சுருண்டது.
நோட்டில் எழுதினேன்: நாலு, போச்சு.

பழைய நீரை முழுக்க எடுக்கக் கூடாது.
பாதி எடுத்துப் பாதி ஊற்ற வேண்டும்.
ஒன்றுக்கொன்று அவை கசியவிட்டதெல்லாம்
அந்த மிச்சப் பாதியில் இருக்கிறது.
அவசரத்தில் ஒருதரம் முழுக்க உறிஞ்சிவிட்டு
அன்றிரவு தூங்கவில்லை.

ஆறாவது வாரம் சாயம் ஊற்றிப் பார்த்தோம்.
திரையின் இடது ஓரத்தில் ஒன்று பச்சையாய் மின்னியது.
"தூசியா இருக்கும்ட்டி."
மறுபடியும்.
பிறகு தூரத்தில், வலது ஓரத்தில், பதில்போல.
பதில் என்று சொல்லக் கூடாது,
கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

யாருடைய ரத்தத்தில் தொடங்கியது இது?
குழாயில் ஓர் எண். பெண், முப்பத்திநாலு வயது.
இந்நேரம் வண்ணார்பேட்டையில்
கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

அப்போது கரண்ட் போனது.
நுண்ணோக்கி அறை ஏசி அறை, இங்கே மட்டும் குளிர்தான் எதிரி.
சுடலைமுத்து போனை எடுக்கவில்லை.
ஜெபக்கனி கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.
"கையில முப்பத்தஞ்சு இருக்கும்ட்டி," என்றாள் இருட்டுக்குள்,
"வேற என்ன இருக்கு நம்மகிட்ட."