விக்கல்

தூக்குகிறது.
அதுதான் முதல் எரிச்சல்.
தூக்கவே மாட்டேன் என்றிருந்தால்
பழைய இரும்பென்று கைகழுவியிருப்பேன்.

புல்லுருளையைக் கூர்முனையில் குத்தி
நெம்புகோலை மேலே தள்ளினால்
மூச்சைப் பிடித்து எழுகிறது மாஸி ஃபெர்குசன்.
தோள் உயரம் வந்ததும்
ஒரு விக்கல்.
கைகள் ஓர் அங்குலம் தாழ்ந்து,
திடுக்கிட்டு ஏறி,
மறுபடி தாழ்ந்து.
நான்கு நொடிக்கு ஒன்று. எண்ணினேன்.
யார் நினைக்கிறார்கள் இதை
இப்படி விடாமல்?

நானாகத்தான் இருக்கும்.
தோர்கிரிமுரைத் திட்டும்போதெல்லாம்
இதையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.
ஆற்றுக்கு அந்தப்புறம் அவன் பண்ணை.
விற்ற அன்று பானெட்டைத் தட்டிச் சொன்னான்:
"ஹைட்ராலிக் கல்லு மாதிரி, ஸ்டெய்னுன்."
ஒரு வருடம் முடியவில்லை,
விக்கல் தொடங்கிவிட்டது.
அதற்குப் பின் மூன்று செப்டம்பர்
மலையிலிருந்து ஆடுகளை ஒன்றாகத்தான் இறக்கினோம்.
அவன் குடுவையிலிருந்து ஒரு வாய் காப்பி
நான் வாங்கியதில்லை.

அளவுக்குச்சியை உருவினேன்.
எண்ணெய் இருந்தது, பால் ஊற்றிய தேநீர் நிறத்தில்.
கியர் கம்பியின் கிழிந்த உறை வழியே
ஐஸ்லாந்து மழை இறங்கியிருக்கிறது.
(இங்கே மழை மேலிருந்து பெய்யாது,
பக்கத்திலிருந்து.)
முப்பது லிட்டருக்கு மேல் வடித்தேன், மீன் தொட்டியில்.
சல்லடையை டீசலில் அலசினேன்.
புது எண்ணெய்க்கான ரசீதை
படிக்காமலே மடித்துவைத்தேன்.
விக்கலுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள்,
நான் எண்ணெய் கொடுத்தேன்.
நிற்கவில்லை.

பம்பு செத்திருந்தால் ஏறாது.
ஏறியது நிலைக்கவில்லை என்றால்
உள்ளே ஏதோ ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை.
பாரத்தோடு இஞ்சினை அணைத்துவிட்டு
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.
உருளை தரையைத் தொடப் பதினொரு நிமிடம்.
வடகாற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது.
பதினொரு நிமிடம் ஒரு பொருள் இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருப்பவளை
நாய்கூட மதிப்பதில்லை. எழுந்து போய்விட்டது.

மூன்றாம் நாள்
எண்ணெயைப் பாதி இறக்கிப்
பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.
இஞ்சின் ஓட, பாரம் தொங்க,
நெற்றி விளக்கோடு அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.
சிலிண்டர் வாயில் கசிவில்லை.
வால்வு ஒட்டவில்லை.
நிமிர்ந்து நிற்கும் குழாயின் கழுத்தில் மட்டும்
மயிரிழை விசிறி ஒன்று
விக்கலுக்குச் சற்று முன் விரிந்து
பொன்னாய் மின்னி மடங்கியது.
அழகாக இருந்தது.
சொல்லக்கூடாது, ஆனால் இருந்தது.

கைகளை இறக்கி, அணைத்து,
குழாயை மேலே உருவினேன்.
விரலோடு வந்தது ரப்பர் வளையம்,
ஒரு பக்கம் நசுங்கி, வெட்டுப்பட்டு.
பச்சை.

கம்பெனி வளையம் கறுப்பு.
பச்சை, சௌதர்குரோகுர் கடையில்
பத்துப் பத்தாய்ப் பொட்டலத்தில் விற்பது.
என் மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் இருக்கிறது.
அதில் ஒன்பது.

மே மாதம். ஆடுகள் ஈனும் வாரம்.
இருக்கைக்கு அருகே சின்னக் கசிவு,
அதை அடைக்கத்தான் திறந்தேன்.
இரண்டு இரவு தூங்காத கை.
வளையத்தில் எண்ணெய் தடவாமல் குழாயை அமுக்கினேன்.
நறுக்கென்று ஏதோ சொன்னது.
காதில் விழாதவள் மாதிரி
போல்ட்டை முறுக்கினேன்.

கல்லு மாதிரிதான் இருந்திருக்கிறது.

இந்த முறை கறுப்பு வளையம்.
எண்ணெயில் ஊறவைத்து, விரலால் உருட்டி உருட்டி.
இரவு முழுக்க உருளையைத் தொங்கவிட்டேன்.
சுவரில் இழுத்த சுண்ணக்கோட்டை விட்டு
காலையில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

அதைத் தூக்கியபடியே பாலம் தாண்டிப் போய்
அவன் வாசலில் இஞ்சினை அணைத்தேன்.
தோர்கிரிமுர் வந்து
என்னைப் பார்க்கவில்லை, உருளையைப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"இறங்கலையே" என்றான்.
"இல்லை" என்றேன்.
வழியெல்லாம் கோத்துவந்த வாக்கியம்
தொண்டைவரை ஏறி, தாழ்ந்து, ஏறி.

காப்பி இருக்கா என்று கேட்டேன்.