மூன்றாவது ஆள்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த படிவத்தில்
ஏழாம் கேள்வி:
நீங்கள் படித்தது
நீங்கள் பார்க்கும் வேலைக்குப் பயன்படுகிறதா?
ஆம். இல்லை. ஓரளவு.
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

இரவுப்பணி முடிந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து
யெர்ட்ஸா பேனாவைக் கடிக்கிறாள்.

ஸ்லோவேனியாவில் செல்யே நகரம்.
வேலை, அவசர அழைப்புகளை எடுப்பது.
படித்தது மொழியியல், அதிலும் வட்டார வழக்கு.
மூன்று கோடைகள் மலையோர மாட்டுக்கொட்டில்களில்
ஒலிப்பதிவுக் கருவியோடு நின்று
பால் கறப்பவர்களின் வினைமுற்றுகளைச் சேகரித்தவள்.
'வினைமுற்று கிலோ என்ன விலை?' என்று
அண்ணன் இன்றும் கேட்பான்.
அவன் கூரை போடுகிறவன்.
கூரையிடம் யாரும் ஏழாம் கேள்வி கேட்பதில்லை.

அவர்கள் மொழியில்
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்று ஒன்று உண்டு.
இரண்டு பேருக்கென்றே ஒரு 'நாங்கள்',
இரண்டு பேருக்கென்றே ஒரு 'போகிறோம்'.
காதலர்களுக்கு வசதி.
நமக்கு நாம் ஒரு கதவு, நாங்கள் ஒரு கதவு:
கேட்பவரை உள்ளே விட ஒன்று,
வாசலிலேயே நிறுத்த ஒன்று.
அவர்கள் வாசலில் தலையை எண்ணுகிறார்கள்.

ஆகஸ்டில் ஆறு ஊருக்குள் வந்த இரவு
இரண்டு நாற்பதுக்கு ஒரு பெண்குரல்:
கூரைமேல் இருக்கிறோம், தண்ணீர்
அவ்வளவுதான். செல்பேசிக் கோபுரம் சாய்ந்தது.
இருக்கிறோம் என்றது இருமையில் அல்ல,
பன்மையில்.
அப்படியென்றால் மூன்று பேராவது.

விடியுமுன் படகு கொண்டுவந்தது இரண்டு பேரை.
அக்காள் தங்கை, எழுபதைத் தாண்டியவர்கள்,
குளிரில் நினைவு தப்பியவர்கள்.
மூன்றாவது ஆள் எங்கே?
மீட்புக்குழுத் தலைவர் கோராஸ்த்
ஆறு பையன்களைத் திரும்பவும்
அந்தப் பழுப்பு நீரில் இறக்கினார்.

யெர்ட்ஸா பதிவை ஒன்பது முறை கேட்டாள்.
ஓர் உயிரெழுத்தின் இழுப்பில்
மேல்பள்ளத்தாக்கு தெரிந்தது.
அங்கே பெண்கள் தங்களைச் சொல்லும்போது
இருமை தேய்ந்துபோய்விட்டது,
இருவர் என்றாலும் வாயில் வருவது பன்மைதான்.
அவள் ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நூலகத்தில் அதை இதுவரை எடுத்தவர்கள் இரண்டு பேர்,
அதில் ஒருத்தி அவள்.

ரேடியோவில் சொன்னாள்:
இரண்டு பேராகவே இருக்கலாம்.
எவ்வளவு உறுதி?
இலக்கணம் உறுதி.
அந்த மனுஷி யாரை நினைத்துச் சொன்னாள்
என்பது எனக்குத் தெரியாது.

ரேடியோ கொஞ்சநேரம் வெறுமனே இரைந்தது.
கோராஸ்த் பையன்களுக்கு இரட்டைக் கயிறு கட்டி
ஒரு மணிநேரம், அதற்குமேல் வேண்டாம் என்றார்.
அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது.
யாரும் கிடைக்கவில்லை.

மறுநாள் மாலை மருத்துவமனையில்
தங்கை ரெஸ்கா கண்விழித்துக் கேட்டாள்:
ப்ரேஸா எங்கே?

ப்ரேஸா அவர்கள் ஆடு.
ஏணியில் தோள்கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள்.
கூரைமேல் மூன்று பேர்தான்.

ஆக, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தவறு.
அல்லது சரி, வேறு பெண்களுக்கு.
நாமென்றால் அஃறிணையில் கட்டிப்போட்டிருப்போம்.
ரெஸ்கா அந்த இரவில்
கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

செவிலியிடம் ஐந்து நிமிடம் கெஞ்சி வாங்கி
யெர்ட்ஸா கட்டிலோரம் குனிந்து கேட்டாள்:
நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்திருந்தால்
எப்படிச் சொல்லியிருப்பீர்கள்?

ரெஸ்கா வெகுநேரம் யோசித்தாள்.
அப்படி நாங்கள் இருந்ததே இல்லையே, என்றாள்.
அதையும் பன்மையில்தான்.

ஆம். இல்லை. ஓரளவு.
காப்பி ஆறிவிட்டது.
யெர்ட்ஸா படிவத்தைத் திருப்புகிறாள்.
பின்பக்கம் காலி.
அந்த வாக்கியத்தை எழுதி,
இழுபட்ட உயிரெழுத்தின் தலையில் கோடிட்டு,
கீழே குறிக்கிறாள்:
பேசியவர் ரெஸ்கா, பெண், எழுபத்து மூன்று.
இடம். நாள்.
உடன் இருந்தவர்கள்: